ஆர்வில் வீட்டுக் குளிர்பெட்டியும் அயல்நாட்டுக் கேமராவும்

அவைக்குத் தலைமை தாங்கி, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மேயர் கார்டன் லிண்ட்குவிஸ்ட் அவர்களே, ஆண்டவனுக்கு அஞ்சுவதைவிடப் பாடற்குழுப் பெண்களுக்கு அதிகம் அஞ்சும் போதகர் அவர்களே, முன்வரிசையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத மூத்தோரே, இந்த நார்ட்விக் நகரத்தின் வயிற்றையும் வாயையும் ஒருசேர அடக்கி ஆளும் தாய்மார்களே, மணி அடித்தால் சோற்றை விட்டு ஓடிவரும் தீயணைப்புத் தொண்டர்களே, காப்பி இலவசம் என்பதற்காக மட்டுமே வந்திருக்கும் கடைசி வரிசைக் கனவான்களே, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஹாலந்து நாட்டு விருந்தாளி மார்ட்டன் அவர்களே, உங்கள் அனைவருக்கும், ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்றுப் பிழைக்கும் கான்னி ஆசெனின் வணக்கம்.

புழு விற்கிறவளுக்கு மேடையில் என்ன வேலை என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான், எல்ராய். நம் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஊர்வம்பு எழுதுகிறவளும் நான்தானே? அந்தப் பக்கத்தைத்தானே நீங்கள் முதலில் படிக்கிறீர்கள், பிறகு அதிலேயே மீனையும் சுற்றுகிறீர்கள்?

அன்பர்களே, இன்று நம் முன் இருக்கும் தீர்மானம் எளியது. மார்ட்டனும் அவருடைய தொலைக்காட்சிக் குழுவும் வருகிற குளிர்காலத்திலும் இங்கே படம் பிடிக்க அனுமதி கேட்கிறார்கள். கூடாது, இனி எந்த அயல்நாட்டுக் கேமராவும் இந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்கிறது தீர்மானம். நான் அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன்.

முணுமுணுப்பு கேட்கிறது. இருக்கட்டும். உங்கள் கோபம் எனக்குப் புரியாதா? போன குளிர்காலத்தில் அவர்கள் எடுத்துக் காட்டிய அந்தப் படத்தில் நானும் இருக்கிறேனே. ஒரு பிற்பகல் முழுக்க அவர்களிடம் பேசினேன். நூலகத்தைப் பற்றிப் பேசினேன், பள்ளியைப் பற்றிப் பேசினேன், மூன்று வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கும் பெண்களைப் பற்றிப் பேசினேன். படத்தில் என்ன வந்தது? நான் டோனட்டைக் கடிக்கிறேன். அவ்வளவுதான். மெதுவாக, மிக மெதுவாகக் கடிக்கிறேன். என் கன்னம் ஏரி அலைபோல் எழுந்து விழுகிறது. பின்னணியில் ஒரு வயலின் அழுகிறது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "வயலின் நல்லா இருந்துச்சு கான்னி" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டை அவரே செய்துகொள்ள நேர்ந்தது.

அடுத்த காட்சி நம் பிரதான வீதி. ஆளில்லாத வீதி, அரவமில்லாத வீதி, அழிந்துபோன அமெரிக்காவின் அடையாளமாம் நம் வீதி. ஐயா மார்ட்டன், அது ஜனவரி மாதம். மைனஸ் முப்பது குளிர். அந்த நேரத்தில் வீதியில் நிற்பவனை நாங்கள் படம் எடுக்க மாட்டோம், ஆம்புலன்ஸில் ஏற்றுவோம். ஊர் எங்கே போயிருந்தது தெரியுமா? உறைந்த ஏரியின் மேல் குடிசை போட்டு, பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இருந்தது. நீங்கள் கேமராவைச் சற்றே இடப்பக்கம் திருப்பியிருந்தால் போதும்.

இதையெல்லாம் நான் சிரித்துக் கடந்துவிடுவேன். ஹாலந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மரச்செருப்பு, காற்றாலை, துலிப் பூ. ஒரு தேசத்தையே பூக்கடையாக நினைத்துக்கொண்டிருக்கும் நாம், நம்மைத் தின்பண்டக் கடையாக நினைக்கிறவர்கள் மேல் எந்த வாயால் சீறுவது?

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. ஆர்வில் ட்வைட் வீட்டுக் குளிர்பெட்டி.

உங்களுக்கும் அது முள்ளாகத்தான் இருக்கிறது.

அந்தப் படத்தில் ஆர்வில் தன் குளிர்பெட்டியைத் திறக்கிறார். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை உணவு. உருளைக்கிழங்கும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி அடுப்பில் சுட்ட கண்ணாடிப் பாத்திரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அப்போது படத்தின் பின்னணிக் குரல் சொல்கிறது: "ஒரு மனிதர். ஒரு வயிறு. ஒரு வார உணவு. இதுதான் அமெரிக்கா."

ஒரு வயிறா? தாய்மார்களே, அந்தப் பாத்திரங்கள் யாருடையவை? உங்களுடையவை. ஆர்விலின் மனைவி மார்லிஸை மண்ணில் வைத்துவிட்டு வந்த மறுநாள் அது. அந்தக் குளிர்பெட்டியில் இருந்தது பேராசையா? ஓர் ஊரின் துக்கம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மார்ட்டன் கை தூக்குகிறார். எழுந்து பேசுங்கள் தம்பி, இங்கே யாரும் கடிக்க மாட்டோம். கடிப்பது நான் மட்டும்தான், அதையும் நீங்கள் படம் எடுத்தாகிவிட்டது.

"அவரு மனைவி எங்கன்னு நான் கேட்டேங்க" என்கிறார். "'இப்ப வீட்ல இல்ல'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலைங்க."

கேட்டீர்களா? 'இப்ப வீட்ல இல்ல.' இதில் பொய் ஏதும் இல்லை. நாம் அப்படித்தான். கால் ஒடிந்து கிடந்தாலும் 'மோசமில்ல' என்போம். கூரை பறந்து போனாலும் 'கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு' என்போம். துக்கத்தைச் சொன்னால் எதிரே இருப்பவருக்குச் சங்கடமாம்.

தம்பி, உட்காராதீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அவர் குளிர்பெட்டியை ஏன் திறந்தார்?

"எங்களுக்குச் சாப்பாடு குடுக்கத்தான்."

சாப்பிட்டீர்களா?

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

நன்றி. உண்மை சொன்னதற்கு நன்றி. உட்காருங்கள்.

இனி நான் சொல்வதை மார்ட்டனும் கேட்க வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும். நம் பாத்திரங்களின் அடியில் பெயர் எழுதிய ஒரு பட்டை ஒட்டுகிறோம். எதற்கு? பாத்திரம் தொலையாமல் இருக்கவா? கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது பாத்திரம். துக்க வீட்டுக்காரர் அதைக் கழுவி, நல்ல சட்டை உடுத்தி, தொப்பி போட்டு, நம் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காகத்தான். தட்டினால் உள்ளே கூப்பிடுவோம். கூப்பிட்டால் காப்பி ஊற்றுவோம். ஊற்றினால் பேசுவார், அல்லது பேசாமல் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தைத் திரும்ப வாங்குகிற சாக்கில் ஆளை வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறோம்.

படம் வந்த பிறகு ஆர்வில் என்ன செய்தார்? அத்தனை பாத்திரங்களையும் கழுவிப் பெட்டியில் போட்டுத் தேவாலய வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. அதன் பிறகு ஏரிக்கு வரவில்லை, ஆராதனைக்கு வரவில்லை. போன வாரம் நான் பாத்திரத்தோடு போனேன். கதவை ஒரு கை அகலம் திறந்தார். எலும்பும் தோலுமாக நிற்கிறார்.

"வேணாம்மா கான்னி. எடுத்துட்டுப் போயிரு."

"ஆறிப்போகுது ஆர்வில். நீங்க தின்னலேன்னா நான்தான் தின்னணும், என் கன்னத்த டிவியில பாத்தீங்கல்ல?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என் வயித்தப் பத்தி ஊரு உலகமே பேசிருச்சும்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

கேமராவைத் தடுத்தால் அந்தக் கதவு திறக்குமா? சொல்லுங்கள் மேயர் அவர்களே, திறக்குமா? பேசாமல் இருந்து கெட்டது போதாதா, இன்னும் பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்காரவா? நாம் வாய் மூடினால் வயலின் பேசும்.

வரட்டும். வந்து எல்லாவற்றையும் காட்டட்டும். நம் துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லுங்கள். மார்லிஸின் மருத்துவச் செலவுக்காக நாம் தீயணைப்பு மண்டபத்தில் அப்பம் சுட்டு விற்றோமே, அதையும் காட்டட்டும். இத்தனை பெரிய பணக்கார நாட்டில் ஒரு நோயாளிக்காக அயல்வீட்டார் அப்பம் சுட வேண்டியிருக்கிறது. அது பெருமையா, வெட்கமா? இரண்டும்தான். இரண்டையும் காட்டட்டும். நம் குறையைக் காட்டாதே என்று நான் கெஞ்ச மாட்டேன். நம் கருணையைக் குறையாகக் காட்டாதே என்று கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன், கேட்கும்வரை கேட்பேன்.

ஆனால் மார்ட்டன் தம்பி, அனுமதிக்கு ஒரு விலை உண்டு. நாளைக் காலை தேவாலய நிலவறைச் சமையலறைக்கு வாருங்கள், கேமரா இல்லாமல். உருளைக்கிழங்கு நீங்களே உரியுங்கள், அடுக்குங்கள், சுடுங்கள். பாடற்குழுப் பெண்கள் மேற்பார்வை பார்ப்பார்கள். போதகரைப் போல் நீங்களும் பயப்படலாம். பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுவோம். நீங்களே கொண்டுபோய் ஆர்வில் கதவைத் தட்ட வேண்டும். படத்தில் சொன்னது தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

அவர் திறக்காமல் போகலாம். அப்படியென்றால் நில்லுங்கள். குளிரும். நாங்களும் உங்களோடு நிற்போம், குளிரில் நிற்பது எங்களுக்குப் பழக்கம். வாங்கிக்கொண்டார் என்றால், அந்தப் பாத்திரத்தை அவர் கழுவி எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி வரும்வரை நீங்கள் இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது. என் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, தங்கிக்கொள்ளுங்கள். புழு வாசனை கொஞ்சம் வரும். மோசமில்லை.

அவர் வந்து உங்கள் கதவைத் தட்டிய பிறகு, என்ன வேண்டுமானாலும் படம் எடுங்கள்.

மார்ட்டன் எழுந்து நிற்கிறார். கோட்டைக் கழற்றிச் சட்டைக்கையை மடிக்கிறார். இப்போது இல்லை தம்பி, நாளைக் காலை என்றேன். இப்போது எங்களுக்கு வாக்கெடுப்பு இருக்கிறது.

ஆகவே நார்ட்விக்கின் நல்லோரே, அந்தத் தீர்மானத்தைத் தோற்கடியுங்கள். மேயர் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார், ஓடத்தான் செய்கிறது. என் வம்புக்கு வாரம்தோறும் கண் கொடுத்து, இன்று காதும் கொடுத்த உங்களுக்கு என் நன்றி. தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள். உயர்த்திப் பிடியுங்கள், எண்ணும்வரை இறக்காதீர்கள். அந்தக் கைகள் அத்தனைக்கும் என் வணக்கம்.