சாக்கக் கழிச்சு

இறங்காத. அப்பிடியே இந்த நெல்லு ஸ்டோர்த் தராசில நில்லு. இலக்கத்த நானும் பாத்திட்டன், நீயும் பாத்திட்டாய். வெளியில நிக்கிறவளவ கை தட்டுறதுக்குக் கொஞ்சம் பொறுக்கட்டும். முதல்ல நீ இப்ப சொன்னதத் திருத்தோணும். சோத்த விட்டதாலதான் மெலிஞ்சதெண்டு சொன்னாய். மேனுகா, இருவத்தெட்டு வருசம் மனையியல் படிப்பிச்சவள் சொல்றன், கோட்டில கூண்டில ஏத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவன். சோறு நிரபராதி. இந்த மாவட்டத்தில நடக்கிற ஆகப் பெரிய பொய் வழக்கு சோத்து மேல போட்ட வழக்குத்தான். வயல் வட்டையில நாள் முழுக்க வளைஞ்சு நிக்கிறவன் மூண்டு நேரமும் சோறுதான் தின்றான். அவன்ட விலா எலும்ப எண்ணலாம். குற்றவாளி ஆரெண்டா, சோத்துக்குப் பொறகு கதிரையில இருக்கிற இருப்பு. தபாற் கந்தோரில முத்திரை குத்துற கைக்கு எத்தின கோப்பை சோறு வேணுமெண்டு நீயே சொல்லு.

சிரிக்காத, தராசு ஆடுது.

என்ன? மீனா? ஓம், அதையும் கேட்டுத்தான் விடுவியள். எங்கட குழுக் கஜானி மூண்டு மாசமா மச்சம் தொடல்ல, மரக்கறிதான் மெலியவைக்குமாம். ஆத்துக்குள்ள கிடக்கிற முதலை ஒரு நாளும் சோறு திண்டதில்ல. கரையில மேயிற எருமை ஒரு நாளும் மச்சம் தொட்டதில்ல. ரெண்டையும் பார், எது மெலிவு? அவள் மீன விட்டிட்டு, பொரிச்ச வடையால அந்த இடத்த நிரப்பினவள். உங்களுக்கெல்லாம் குடுத்த தாளில நான் எழுதினது ஒண்டுதான். சாப்பாட்டுக் கோப்பையில பாதி இலைக்கறியும் மரக்கறியும். கால்வாசி சோறு. மற்றக் கால்வாசி மீனோ, கோழியோ, பருப்போ, கடலையோ, அது உன்ட வீட்டுச் சாமியும் உன்ட நாக்கும் முடிவெடுக்கிற விசயம். தேத்தண்ணிக்குச் சீனி இல்ல. விடிய வெள்ளாப்பில நாப்பது நிமிசம் நடை, கதைக்க ஏலும், பாட ஏலாது, அந்த வேகத்தில. கிழமைக்கு ரெண்டு நாள் கைக்கும் காலுக்கும் பயிற்சி. எட்டு மணித்தியாலம் நித்திரை. அவ்வளவுதான். தேசிக்காயும் தேனும் சுடுதண்ணியும் எண்டு ஃபோனில பாத்திட்டு வாறவளவளுக்கு நான் சொல்றது, குடி, நல்லது, தாகம் தீரும்.

இப்பிடி ஒழுங்காச் செஞ்சா கிழமைக்கு அரைக் கிலோ இறங்கும். ஒரு கிழமை இறங்காமலும் நிக்கும். அது ஒரு சலிச்ச வேலை, மேனுகா. சலிச்சாத்தான் அது உண்மையான மெலிவு.

நீ ஒம்பது கிழமைக்கு முந்தி எண்பது. அரை அரையாப் பாத்தா நாலரை இறங்கியிரிக்கோணும். இண்டைக்கு எழுவத்தொண்டரை. போன கிழமை எழுவத்திமூண்டு. எட்டரை கிலோ. நீ கை தட்டுக்கு ஆசைப்படுறாய், எனக்கு இந்தக் கணக்கு வருகுதில்ல.

தராசு பிழையா? அதையும் பாத்திட்டன். உனக்கு முன்னால நான் ஏறினன், போன கிழமை மாதிரியே அசையாம நிண்டுது, வெக்கக்கேடு. கஜானி கால் கிலோ கூட. தராசு சரி.

இப்ப சொல்லு. இந்தக் கிழமை எத்தின நாள் நடந்தாய்? ஒரு நாளும் இல்லயா? ஓம், மழைதான், வாய்க்கால் கட்டெல்லாம் வெள்ளம், நாங்களும் நடக்கல்ல. அதுக்கு முந்தின கிழமை? ஓ. சோறு? உண்மையச் சொல்லு, நான் உன்ட மாமியார் இல்ல. ரெண்டு கோப்பை. மத்தியானம் மட்டுமா? ராவைக்கும். அப்ப சோத்த விட்டதெண்டு எனக்குச் சொன்னது? சரி, விடு. காத்தான்குடியில உங்கட கந்தோர்ப் பிள்ளைட கலியாணத்துக்குப் போனாயெல்லா? சகன் தட்டச் சுத்திக் கூடி இருந்தா எழும்ப மனம் வராது, நல்ல புரியாணி, எனக்கும் தெரியும். வட்டிலப்பமுமா? ரெண்டு துண்டு.

தண்ணி? நிறையக் குடிக்கிறாயா? ராவில எத்தின தரம் எழும்புறாய்? 

ம்.

இல்ல, ஏசல்ல. இதில இரு. இந்த மூடைக்கு மேல இரு, அது தாங்கும். உனக்கு மூச்சு வாங்குது, ஒரு தராசில ஏறி இறங்கினதுக்கு.

நீ இருக்கிற மூடை என்னெண்டு தெரியுமா? விக்கிற மூடை இல்ல. இது சாமித்தம்பிட சோதனை மூடை. இந்த ஸ்டோரில பதினேழு வருசமா மூடை தூக்கிறான் அவன். தராசு அவனுக்கு ஒரு சாட்டுக்குத்தான். தோளில ஏத்தினாலே, சாக்கக் கழிச்சு அறுவத்தெட்டு, சாக்கக் கழிச்சு எழுவது எண்டு சொல்லிப்போடுவான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். பொறகு தராசில போட்டா அரைக் கிலோ விலகாது. அவன் ஒவ்வொரு போகமும் ஒரு மூடையக் கட்டி ஒதுக்கி வெப்பான். மாசம் ஒருக்கா அதத் தூக்குவான். ஈர நெல்லு காயக்காய நிறை குறையும், அது நல்லது, அதுக்கு ஆரும் பயப்பிடுறதில்ல. ஆனா நல்லாக் காஞ்சு முடிஞ்ச நெல்லு, வெய்யிலும் படாம, ஒருத்தரும் அள்ளாம, இருந்த இடத்திலேயே நிறை குறைஞ்சா? கட்டு அவிழ்ந்திராது. சாக்கு கிழிஞ்சிராது. வெளியில பாத்தா நெல்லு மணி மணியா நெல்லுத்தான். நெரிச்சுப் பாத்தா உமி மட்டும். அந்துப்பூச்சி விழுந்திரிக்கு. உள்ளுக்க இருந்து திண்டுகொண்டிரிக்கு.

சாக்குக்கு இந்த நியாயம் எங்களுக்குத் தெரியும். இந்த ஊரில சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஆர்? சுவர்ப் பட்டியலில ஆக மேல இரிக்கிற பேரா? பாத்திரிக்கிறாய் போல. ஓம், இலட்சுமிப்பிள்ளை. எண்பத்திமூண்டு கிலோவில தொடங்கி ஐம்பத்தெட்டு வரைக்கும் என்ட கையெழுத்துத்தான். ஏழு மாசம். இருவத்தஞ்சு கிலோ. என்ன சொல்றாய்? அந்த ரெக்கோட்ட நீ முறிக்கப் போறியா?

முறிக்காத.

இல்ல, கோவமில்ல. பொறாமையும் இல்ல. கேள். இலட்சுமிப்பிள்ளை எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. கொக்கட்டிச்சோலைச் சந்தையில மரக்கறிக் கடை. முதல் மாசம் ரெண்டு கிலோ இறங்கினா, ஒழுங்கா, தாளில எழுதினபடி. மறுகா மாசம் மூண்டு. மறுகா நாலரை. நாங்க விழா வெச்சமெல்லா. ஒவ்வொரு ஞாயிறும் அவ தராசில ஏற நாங்க சுத்தி நிண்டு கை தட்டுறது. சட்டையெல்லாம் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சா. தைக்கிற பிள்ளை சொன்னாளாம், இனிப் பிடிக்கச் சீலை இல்லையெண்டு. அதையும் நாங்க பகிடியாத்தான் எடுத்தம். என்ட தாள் ஃபோட்டோகொப்பிக் கடையில குவிஞ்சு போச்சு. டீச்சரிட தாள் எண்டா ஆறு ஊருக்குத் தெரியும். எனக்கு அது பிடிச்சிருந்தது, மேனுகா. மறைச்சு என்ன. அன்னப்பூரணி எண்டு பேர் வெச்ச ஒருத்தி ஊரச் சோத்தக் குறைக்க வைக்கிறாளெண்டு பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணினவனுகளெல்லாம், பெண்சாதிமாருக்குத் தாள் வாங்க என்ட படலையில வந்து நிண்டானுகள்.

மறுகா உங்கட பக்கத்தில இருந்து கூப்பிட்டாங்க. வாழைச்சேனை மாதர் சங்கம். வந்து பேசுங்க, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க எண்டு.

என்ன? நீயுமா?

அந்தக் கூட்டத்தில நீ இருந்தயா? எந்தப் பக்கம்? பின் வரிசை. நீலச் சேலை, ஓம், நீலச் சேலைதான் உடுத்திருந்தா. ஊசி குத்திக் குத்தி நிப்பாட்டின சேலை. அவவப் பாத்துத்தான் நீ இஞ்ச இடமாற்றம் வந்த கிழமையே என்ட குழுவக் கேட்டு வந்தாயா?

கொஞ்சம் பொறு. எனக்குத் தண்ணி தா. அந்தப் போத்தல்.

அவ அண்டைக்கு மேடையில என்ன சொன்னா, ஞாபகம் இரிக்கா? ஓம். பாதிக் கோப்பை இலை, கால் கோப்பை சோறு, மீன் ஒரு துண்டு, நாப்பது நிமிசம் நடை, வேற ஒண்டும் செய்யல்ல எண்டு. சொல்லுக்குச் சொல் என்ட தாள். நீ எழுதியும் வெச்சிரிக்கிறாய்.

அதுக்கு முதல் நாள் நாங்க நடந்துகொண்டு வாறம். வாய்க்கால் கட்டில அரைவாசியில அவ குந்திட்டா. சந்தையில மூடை மூடையாக் கத்தரிக்காய் தூக்கின மனிசி. நான் திரும்பிப் போய்க் கிட்ட நிண்டன். அவ மேல பாக்காமச் சொன்னா, தங்கச்சி, நான் உன்ட தாள விட்டு மூண்டு மாசம். ரெண்டு கோப்பை சோறு தின்றன், மகள் சுடுற பலகாரமும் தின்றன், மத்தியானம் படுத்தா எழும்ப ஏலாமக் கிடக்கு. எண்டாலும் கரையுது. இது என்னடி எண்டு கேட்டா.

நான் படிச்சவள். அறிகுறி எண்ட சொல்லக் கரும்பலகையில நூறு தரம் எழுதியிரிக்கன். திடீர் நிறை குறைவு, காரணமில்லாக் களைப்பு எண்டு பத்தாம் வகுப்புக்குக் குறிப்புக் குடுத்தவள் நான். நான் என்ன சொன்னன் தெரியுமா?

அக்கா, இத நாளைக்கு மேடையில சொல்லிப்போடாதீங்க எண்டன்.

அவ சொல்லல்ல. நீதான் கேட்டாயே.

அழாத, புள்ள. உனக்கும் அவவுக்கு வந்த நோய்தானெண்டு நான் சொல்லல்ல. எனக்கு அது தெரியாது, தெரியுமெண்டு இனி ஒருக்காலும் சொல்லவும் மாட்டன். சீனியா இரிக்கலாம், நீ சொன்ன தண்ணித் தாகத்தப் பாத்தா. தைரொயிட்டா இரிக்கலாம். ரெண்டுக்கும் மருந்து இரிக்கு. ஒண்டுமில்லாமலும் இரிக்கலாம், அப்பிடியெண்டா டீச்சர் கிழவி பயங்காட்டிப்போட்டாளெண்டு ஊர் முழுக்கச் சொல்லு, நான் வாசல்ல நிண்டு கேப்பன். சந்தோசமாக் கேப்பன். இரத்தம் எடுத்துப் பாக்கிறது ஒரு சின்ன ஊசி.

இண்டைக்குத்தான். ஞாயிறெண்டாலும் டவுனில ஒரு டொக்டர் பாக்கிறவர், ஆறாம் நம்பர் உனக்கு. நேற்றே எடுத்திட்டன். ஓம், நீ இண்டைக்குத் தராசில ஏறமுன்னமே. போன கிழமை நீ சைக்கிள உருட்டிக்கொண்டு வந்தாயெல்லா, ஏறி மிதிக்காம, அண்டைக்கே. ஓட்டோ அங்கால ஆலமரத்தடியில நிக்கிது. நானும் வாறன். மகனப் பத்தி யோசிக்காத, கஜானிட்டச் சொல்லிட்டன், பள்ளி இல்லாத நாள்தானே, சாப்பாடு குடுப்பாள். வடை குடுப்பாள்.

சுவரிலயா? எழுதுறன். எழுவத்தொண்டரை. பார், எழுதிட்டன். ஆனா வெளியில போனா அவளவ கை தட்டுவாளவ, நிக்காத. சிரிச்சுக்கொண்டு நேர ஓட்டோக்கு நட. அவளவளுக்கு நான் பொறகு சொல்றன், எல்லாத்தையும், இலட்சுமிப்பிள்ளை சொன்னதையும் சேத்து. நீதான் முதல் ஆள்.

கையத் தா. மெல்ல எழும்பு.

கடைசியா அவ எவ்வளவு நிண்டாவா? சுவரில இரிக்கிறது ஐம்பத்தெட்டு, கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு. அதுக்குப் பொறகு தராசில ஏறல்ல. நோயக் கண்டு பிடிச்ச நேரம் டொக்டரும் எங்களப் போல ரிப்போட்டுத் தாளத்தான் பாத்துக்கொண்டிருந்தார், முகத்தப் பாக்கல்ல. ஆடி மாசம் பிரேதம் எடுத்தம். பொம்பிளையள் படலையோட நிண்டிட்டம். தூக்கினதில சாமித்தம்பியும் ஒருத்தன். படலையடியில தோள் மாத்தினவங்க. மாத்தேக்க அவன்ட வாய் அதுபாட்டுக்குச் சொல்லிச்சு, எனக்குக் கேட்டது. பெட்டியக் கழிச்சு நாப்பத்தொண்டு.