பேர் மறந்த டீச்சர்

“ஆறு மாசமாப் பாடம் எடுத்த புள்ளைக. ஒண்ணு பேருகூட எனக்குத் தெரியாமப் போச்சுடி.”

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த டீச்சரம்மா இப்படிச் சொன்னதும் நான் காதைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த இளம்பெண் பதறினாள்.

“என்னக்கா சொல்றீங்க?”

“எனக்குக் கொரோனா வந்துச்சுல்ல, அதுக்கப்புறந்தான். காய்ச்சல் நாலு நாள்ல போயிருச்சு, பேருக மட்டும் வாய்க்கு வரல. மாடி ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்கும். ‘அது நுரையீரலோட நிக்காதும்மா, சில பேருக்கு மூளை, இதயத்தையும் தொட்டுட்டுப் போகும். மெதுவாச் சரியாகும்’னு டாக்டர் சொன்னாரு.”

“வேலைய விட்டுரலாம்னு தோணலையா?”

“லெட்டரே எழுதிட்டேன். கொடுக்குறதுக்கு முன்னாடி புள்ளைககிட்ட உண்மையச் சொன்னேன். அன்னையிலருந்து எல்லாம் பேரைச் சொல்லிட்டுத்தான் பேசுதுக. ‘டீச்சர், நான் முத்துமாரி, தண்ணி குடிக்கப் போறேன்.’”

“இப்ப எப்படிக்கா இருக்கு?”

“நேத்து ரிஜிஸ்டரப் பாக்காமலே அட்டெண்டன்ஸ் எடுத்தேன். ஒருத்தி பேருதான் வரல.”

“அம்புட்டுப் பேரையும் சொல்லிட்டீங்க, ஒண்ணு மறந்தா என்னக்கா?”

“மறக்கலடி. அவ நேத்துத்தான் புதுசா வந்து சேந்தா.”