செல்வியின் சிவப்புப் புடவை

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் கிளம்பியபோது நின்றுகொண்டிருந்தவர்களே பதினொரு பேர். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் கேட்டதில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்ம செல்விக்கு காரியம் கூட முடியல. அதுக்குள்ள செவப்புப் பொடவ எடுக்கக் கெளம்பிட்டியாடி?"

"எனக்கென்ன ஆசையா அக்கா? தெனம் காலையில ஸ்கூல் பசங்கள ஹைவேஸ் தாண்டி வுட அவ செவப்புதான கட்டிக்கினு நிப்பா. தூரத்துலயே பாத்து லாரிக்காரங்க ஸ்லோ பண்ணுவாங்க. அவ பொண்ணு காலேஜ் போன அப்புறமும் நின்னாளே, சம்பளமா குடுத்தாங்க? நேத்து நான் பச்ச கட்டிக்கினு நின்னேன். ஒருத்தனும் நிறுத்தல. என் பையன் பாதி ரோட்டுலருந்து திரும்பி ஓடியாந்தான்."

"அவ பொடவயவே கேட்டு வாங்கறதுதான?"

"கேட்டேன். அவ வூட்டுக்காரரு அழுவுறாரு. தெனம் ஆசையா கட்டினு போவாளேன்னு, அதையே கட்டிவுட்டுப் பொதைச்சிட்டாராம்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு செவப்பே புடிக்காதேடி. ரோட்டுல நிக்கறதுக்குன்னுதான எடுத்தா."

"தெரியும்க்கா."

"அவருகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. நல்லது பண்ணீங்கண்ணான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."