மஞ்சள் பொட்டு வைக்க மறுத்த தலைவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கச் செயலாளர் வசந்தன் அவர்களே, தந்தையை இழந்து நிற்கும் யுகேந்திரா, மழையோடு மழையாக இந்த லாயாங் லாயாங் ஊர் வரை வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அங்கம்மாவின் வணக்கம்.

பழைய டிரையல்ஸ் மோட்டார்சைக்கிள் சங்கத் தலைவர் அமரர் லோகேஸ்வரன் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை நாலு பேச அழைத்திருக்கிறீர்கள். நாலு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது நீளம்.

துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து ஓட வைத்தவர் யார்? லோகேஸ்வரன்! செம்பனைக் காட்டில் தானே பாராங் கத்தி பிடித்து ஓடைக்கு வழி வெட்டியவர் யார்? லோகேஸ்வரன்! போட்டிக்கு வந்தவரைச் சோறு போடாமல் அனுப்பாதவர் யார்? தோற்றவனைக் கேலி பேச விடாதவர் யார்? அவரேதான். நாலு முடிந்தது.

எனக்கு முன் பேசிய செயலாளர், தலைவர் போட்ட சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது என்று உறுதி சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். அடுத்த மாதம் அவர் பெயரில் நடக்கும் போட்டியில் என் மகள் கஸ்தூரி தன் அப்பாவின் வண்டியை ஓட்டப் போகிறாள். அந்த வண்டியில் இருப்பது புது பிரேக். அதனால்தான் இந்த மைக்கை வாங்கினேன். சுலபத்தில் கொடுக்க மாட்டேன்.

இந்த விளையாட்டு தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. கால் தரையில் படாமல் பாறையிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். பழைய வண்டியில் புதுக்காலத்துச் சாமான் ஒன்றுகூட ஏறக்கூடாது. அதுதான் தலைவரின் சட்டம். போட்டி அன்று காலையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பார். சரி என்றால் மஞ்சள் பெயிண்டில் கட்டை விரலைத் தொட்டுப் பெட்ரோல் டாங்கியில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாத வண்டி ஓடையில் இறங்கக்கூடாது.

சில வருஷங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு அது. இரவெல்லாம் மழை. என் வீட்டுக்காரர் கமலநாதன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை அந்த மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரத்துக்குள் இருந்து பிடிக்கிற பிரேக் ஷூவை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பொட்டு கிடைத்திருக்கும். அவர் வாய் மூடவில்லை.

“தலைவரே, பிரேக் ஷூ மட்டும் புதுசு. தண்ணி பட்டா பழசு பிடிக்க மாட்டேங்குது.”

“அப்ப பொட்டு கெடையாது, நாதா.”

“உள்ளதானே இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது?”

“அதான் நீயே சொல்லிட்டியே லா! எனக்குத் தெரியுமே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், வசந்தன் அவர்களே. பச்சைத் தொப்பி போட்டிருந்தீர்கள்.

என் வீட்டுக்காரர் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து புதியதைக் கழற்றினார், பழையதை மாட்டினார். புது ஷூ இரண்டையும் அந்த மேசையில் வைத்து, “சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்றார். பொட்டு கிடைத்தது. சாயங்காலம் அவர் குளுவாங் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாறைச் சரிவில் பிரேக்கை அழுத்தியிருக்கிறார், பிடிக்கவில்லை. வண்டி அவர் மேலேயே விழுந்து இடுப்பு ஒடிந்தது. பிறகு கைத்தடிதான். வண்டியில் ஏறவே இல்லை. அவர் இறந்தது சர்க்கரை நோயில்; அந்தப் பழியைத் தலைவர் மேல் போட மாட்டேன். இடுப்பு ஒடிந்த பழியை இறக்கவும் மாட்டேன்!

ஆஸ்பத்திரிக்குத் தலைவர் வந்தாரா? வரவில்லை. குடிக்கிற மைலோ மாவு டின் ஒன்று கொடுத்து அனுப்பினார். அது இன்னும் என் அடுப்படியில் திறக்காமல் இருக்கிறது. பிறகு ஒருநாள் ஆயர் ஈத்தாமில் சட்டிப் பானைக் கடையில் நேருக்கு நேர் மாட்டினார்.

“என்ன தலைவரே, பொட்டு வைக்கிற விரல் சுகமா இருக்கா?” என்று கேட்டேன்.

“அக்கா, சட்டம்னா சட்டம்தான் லா. எனக்கும் அதே சட்டம்தான்” என்றார்.

எனக்கும் அதே சட்டம்! இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தலைவரின் மகன் யுகேந்திரன் என் வீட்டுக்கு வந்தான். இதோ, படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்டு நிற்கிறதே தலைவரின் வண்டி, இந்தக் கூட்டத்துக்காக அதைத் துடைக்க முன்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறான்.

“பெரியம்மா, உள்ள இருந்த பிரேக் ஷூவைப் பாருங்க. ரெண்டு கோடு போட்டிருக்கு. இது பெரியப்பா கோடுதானே?”

அரத்தால் இழுத்த இரண்டு கோடு. வாங்குகிற சாமான் எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் போடுகிற அடையாளம். என் தேங்காய்த் துருவியில்கூட இருக்கிறது. எனக்குத் தெரியாதா? மேசையில் அவர் விட்டுப்போன அதே ஷூ!

அப்படியானால் தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. பழையது பிடிக்காது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது! தெரிந்து என்ன செய்தார்? சட்டத்தை மாற்றினாரா? இல்லை. என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. தன் சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். தன் டாங்கியில் தானே பொட்டும் வைத்துக்கொண்டார். மற்றவர்களை அதே மேசையிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்தச் சட்டத்தையா ஓர் எழுத்து மாறாமல் காப்பாற்றப் போகிறீர்கள்?

யுகேந்திரனைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஷூவைத் தூக்கி எறிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? எறியவில்லை. என்னிடம் காட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டி வைத்தான். “நீங்க பேசுங்க பெரியம்மா, நான் தடுக்க மாட்டேன்” என்றான். அப்பனிடம் இல்லாத ஒன்று பிள்ளையிடம் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் உறுதி சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். தலைவரின் பணி நிற்காது! பொட்டு வைப்பதுதானே அவர் பணி? அவர் படத்துக்கு முன்னால் விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே மஞ்சள் பெயிண்ட் டின், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கஸ்தூரியின் வண்டி வாசலில் நிற்கிறது. முதல் பொட்டு அதற்கு. கூடாது என்று சொல்பவர் யாராக இருந்தாலும், மாலை போட்ட அந்த வண்டியின் முன்சக்கரத்தை இந்தச் சபையில் கழற்றிவிட்டு வந்து சொல்லட்டும்.

யாரும் எழவில்லையே?

யுகேந்திரா, மூடி இறுகிப்போயிருக்கிறது. வந்து கொஞ்சம் திறந்து கொடு, ஐயா.