கயிற்றைப் பிடித்த கைகளுக்குச் சோறு

நான் எழுந்ததுமே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கிய மூத்தோரே! ஆலைக்கும் அகத்துக்கும் ஆணிவேரான அன்புத் தாய்மார்களே! பின்வரிசையிலிருந்து பந்தியை நோட்டமிடும் தம்பிமார்களே! உணவுக்குழுச் செயலாளனின் உளமார்ந்த வணக்கம்!

வென்றவர் யார்? நம் பொதி கட்டும் பிரிவுப் பெண்கள்! எதில் வென்றார்கள்? கயிறு இழுப்பதில்! ஆனால் அந்த வெற்றி கைநழுவப் பார்த்த கதை தெரியுமா உங்களுக்கு?

"இம்முறையும் தோற்றால் பெண்கள் அணியையே கலைத்துவிடுவோம்" என்றது நிர்வாகம். கொதித்தெழுந்தார் அணித்தலைவி, நம் அனைவருக்கும் அக்கா. "முட்டை தின்னாத்தான் முறுக்கேறும். போட்டி முடியற வரைக்கும் எவளும் சோத்துல கை வைக்கக் கூடாது!" என்றார். காலையில் முட்டை, மதியம் முட்டை, மாலையிலும் முட்டை! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உரித்து உரித்து நகம் தேய்ந்தவன் நான்!

விளைவு? பயிற்சியில் கயிறு அசைவதற்குள் நம் வீராங்கனைகள் சரிந்தார்கள். அக்காவுக்குக் கண் இருட்டியது. ஓடிவந்தார் ஆலைச் செவிலி. அக்காவின் அண்ணன் மனைவி.

"முட்டை நல்லதுதான்டி. உடம்பைக் கட்டுற செங்கல்லு அது. அடுப்புல செங்கல்லை வெச்சா எரியுமா? விறகு வேணாமா? சோறும் கிழங்கும்தான் விறகு. கூடவே கீரையும் பழமும் வேணும்."

"கீரையும் பழமும் எதுக்கு அண்ணி?"

"மேஸ்திரி இல்லாம வீடு கட்டுவியா? எல்லா வேலையையும் ஒழுங்கா நடத்துறது அதுங்கதான்."

"நான் சொன்னதை நானே மாத்தினா மானம் கப்பலேறிடாதா?"

"அணியே போகப் போகுது, மானமாம் மானம்! தட்டை எடுடி!"

எடுத்தார் தட்டை! சோறு வந்தது, பருப்பு வந்தது, கீரை வந்தது, கனி வந்தது; முட்டையும் ஓரமாக வந்து உட்கார்ந்தது. அணியே வயிறார உண்டது.

இறுதிப் போட்டியில் எதிரே நெசவுப் பிரிவு. "விட்டுடாதீங்கடி!" என்று அக்கா முழங்க, இழுத்தார்கள், இன்னும் இழுத்தார்கள், எதிரணியையே எல்லைக்கோடு தாண்டி இழுத்துவந்தார்கள்!

தாய்மார்களே! ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பதா உங்கள் உணவு? உழைக்கும் உடலுக்கு விறகு வேண்டாமா? வளர்க்கும் வலுவுக்குச் செங்கல் வேண்டாமா? எல்லாம் வேண்டும், அளவாய் வேண்டும், உங்கள் தட்டிலும் வேண்டும்!

என்ன தம்பி, இந்தக் கைதட்டல் எனக்கா, பசிக்கா? இதோ முடிக்கிறேன்.

பெண்கள் அணி நீடிக்கும் என்று இன்று காலை நிர்வாகம் அறிவித்தது. கேட்டதும் அக்கா அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் ஆம்பளைங்க அணியோடதான் மோதுவோம்னு மேடையில சொல்லிடு தம்பி" என்றார்.

சொல்லிவிட்டேன் அக்கா! ஆண்மக்களே, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்! பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றி கூறி, வணங்கி, உங்களைப் பந்திக்கு வழியனுப்புகிறேன்!