லிஸ்பனுக்குப் போன லோரி

தேநீரில் சீனி போட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஜப்பான்காரன் ஆண்ட காலம் முழுக்க நாக்கு சீனியை மறந்தே போயிருந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததில் இது ஒன்று உருப்படியான காரியம். விசாரணைக்கு வந்தவனுக்கும் கொடுக்கிறீர்கள் பாருங்கள்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன் ஐயா. ஆமாம், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்களைப் போர்ச்சுக்கல் தேசத்துப் பிரஜைகளாக ஆக்கியது நான்தான். அவர்களில் ஒருவனான ராமையா உங்களிடம் சொன்னதில் முக்கால்வாசி சரி. கால்வாசி அவனுக்குத் தெரியாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் என்னைக் கப்பல் தாத்தா என்பார்கள். பழைய துரை இருந்தவரை அவர் பங்களாவில் சமையல் செய்தேன். சண்டை வந்ததும் துரை ஓடிப்போனார், சட்டிகளை என்னிடம் விட்டுவிட்டு. பால்மரம் வெட்டுகிற வயது எனக்கு எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் எங்கள் கப்பல் அசையாமல் நின்றுவிட்டது, இறங்கிப் பார்த்தால் அடியில் ஒரு திமிங்கிலம் தூங்குகிறது, நான் மிளகாய்த்தூளைக் கரைத்து அதன் மூக்கில் ஊற்றினேன், அது தும்மிய தும்மலில் கப்பல் லிஸ்பன் துறைமுகத்தில் போய் நின்றது. இந்த மாதிரி. யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயங்கள்.

ஒரு சாயங்காலம் அந்தத் தும்மலுக்கு வருகிற சமயத்தில் இருளப்பன் குறுக்கே புகுந்தான். "யோவ் தாத்தா, கப்பல் கப்பல்ங்கிறீரே, மெர்போக் ஆத்துல சம்பான்ல ஏத்துனதுக்கே வாந்தி எடுத்த ஆளுதானே நீரு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருவன் வாந்தி எடுக்கிற மாதிரி சத்தம் கொடுப்பான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கலைந்துபோயிற்று.

எனக்கு இருளப்பன்மேல் கோபம் எதுவும் கிடையாது. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்கள் திரும்பவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்து ஆட்களோ பிடிபடாதவர்கள். சாலை முக்கில் குடியிருந்த ராக்காயி லோரியின் புழுதியைப் பார்த்ததும் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவாள். அவ்வளவுதான், பால்வாளியைப் போட்டது போட்டபடி ஆம்பளைகள் எல்லாம் பிலுக்காருக்குள் மறைந்துவிடுவார்கள். அந்தப் புதரில் ஜப்பான்காரன் பூட்ஸ் காலோடு எங்கே நுழைவது? லோரி காலியாக வந்து காலியாகப் போகும்.

இதில் அகப்பட்டுக்கொண்டவன் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி மனோகரன். துரை போன பிறகு தோட்டம் அவன் கையில். "பெருசு, இன்னொரு வாட்டி லோரி காலியாப் போனா என்னையத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவான்" என்று என் லயத்து வீட்டு வாசலுக்கே வந்து புலம்பினான். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை போடுகிறவன் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "ஓடுறவனைத்தான் பிடிக்க முடியாது கிராணியாரே, உக்காந்திருக்கிறவனைப் பிடிக்கலாம்" என்றேன். அப்போது அது சும்மா வாயில் வந்த பேச்சு.

அதே வாரம் அழகம்மா வந்தாள். இருளப்பன் பெண்சாதி. கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. கையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. "அவரு பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க தாத்தா. நீங்க பெரிய எடத்துல பழகுனவரு. அவரு மட்டும் சயாமுக்குப் போகாம எப்படியாச்சும் காப்பாத்துங்க. எத்தனை நாளைக்குப் பொதருக்குள்ள ஓடுறது?" என்றாள். கிழங்கு நன்றாக வெந்திருந்தது.

சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பஷீர் பாய் ஒரு சேதி சொல்லியிருந்தார். "பினாங்குல பாண்டு வாசிக்கிற கோவாக்காரன் ஒருத்தன். நான் போர்ச்சுக்கல் பிரஜை, எங்க நாடு எந்தப் பக்கமும் இல்லைன்னானாம். விட்டுட்டான்லா ஜப்பான்காரன்!" நான் செய்ததில் உண்மை என்று பார்த்தால் இந்த ஒன்றுதான். ஆனால் நல்ல உண்மை. உறைக்கு ஒரு சொட்டு மோர் போதாதா?

அழகம்மாவிடம் சொன்னேன்: லிஸ்பனில் இருந்தபோது ஒரு பிரபுவுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன், அதில் மயங்கி அவர் எனக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறார், நான் யாரைப் பிரஜை என்கிறேனோ அவன் பிரஜை. அவள் தோட்டம் முழுக்கச் சொன்னாள். சொன்ன வேகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

லேசில் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். எந்த தேசமும் அந்நியனைச் சும்மா சேர்த்துக்கொள்வதில்லை. அங்கே குடியிருந்திருக்க வேண்டும், பாஷை தெரிய வேண்டும், நன்னடத்தை வேண்டும், கடைசியில் சத்தியம். குடியிருப்புக்கு, மூடிக் கிடந்த, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் என் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணைத் தூவி, இது இனிமேல் போர்ச்சுக்கல் பூமி என்றேன். ஓய்வு நேரமெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றுவார்கள். பாஷையை நானே உண்டாக்கினேன். பசிக்கிறது என்பதற்கு அந்த பாஷையில் வார்த்தையே இல்லை என்று சொன்னபோது ஓர் ஆள் அழுதுவிட்டான். நன்னடத்தைக்கு ஒரே விதிதான்: பிரஜையாகப்பட்டவன் வண்டியைக் கண்டு ஓடக் கூடாது. ஓடுகிறவன் அகதி. உட்கார்ந்திருக்கிறவன் பிரஜை.

இருளப்பன் மட்டும் வரவில்லை. "முன்னாடி திமிங்கிலம், இப்போ பிரஜையா? போய்யா" என்றான்.

அவனுக்காகத்தான் நான் கிராணியிடம் போனேன். அடுத்த தடவை லோரி வரும்போது, கையில் சிவப்புத் துணி கட்டிய ஆளைத் தொடாமல் போகச் சொல்லுங்கள், அதற்கு அடுத்த தடவை லோரி நிறையும் என்றேன்.  "நீ மனுசன்தானா பெருசு?" என்று மனோகரன் கேட்டான். கேட்டுவிட்டு ஜப்பான் அதிகாரியிடம் பேசினான்.

லோரி வந்தது. ராக்காயி டின்னைத் தட்டினாள், எல்லோரும் ஓடினார்கள். ராமையா மட்டும் பிரஜை அடையாளமாகக் கையில் சிவப்புத் துணியோடு பெரட்டுக் களத்தில் உட்கார்ந்திருந்தான். நான்தான் உட்கார வைத்திருந்தேன். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட எல்லோரும் நிற்கிற அந்தப் பெரிய களத்தில் தனி ஆளாக. சிப்பாய்கள் வந்தார்கள், துணியைப் பார்த்தார்கள், ஒருவன் தலையைக்கூட லேசாகக் குனிந்தான். போய்விட்டார்கள். புதருக்குள்ளிருந்து இருளப்பன் அதைப் பார்த்திருக்கிறான்.

இனி சத்தியம். இதைத்தான் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் ஐயா. எங்கள் ஜனங்கள் கோர்ட்டில் கீதையைத் தொட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்கள். முனியாண்டி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அவ்வளவுதான், சொன்ன வார்த்தை மாறாது. மாறினால் வம்சம் தழைக்காது என்று ரத்தத்தில் ஊறிய பயம். ஜப்பான்காரனுக்குத் துப்பாக்கி தெரியும், இது தெரியாது. மனோகரனுக்குத் தெரிந்திருக்கலாம். இங்கிலீஷ் படித்ததில் மறந்துவிட்டான்.

பஷீர் பாய் எங்கெங்கோ தேடிச் சூடம் கொண்டுவந்து கொடுத்தார், பாவம், எதற்கென்று கேட்காமல். சாலையோரத்து முனி கோவில் முன்னால் வெயில் ஏறுகிற வேளையில் எல்லோரும் குளித்துவிட்டு வந்து நின்றார்கள். இருளப்பனும் வந்திருந்தான். முறைத்துக்கொண்டுதான்.

"பறங்கிக்காரன் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறவன். அவனுக்கு எதுக்குய்யா சூடம்?"

"அவங்கவங்க சாமி முன்னால சத்தியம் பண்ணலாம்னு சட்டத்துல இடம் இருக்கு இருளப்பா."

"எந்தச் சட்டத்துல?"

"சும்மா நொட்டை சொல்லிக்கிட்டே நிக்காதீங்க" என்று அழகம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "ராமையா அண்ணனை விட்டுட்டுப் போனதைக் கண்ணால பாத்தீங்கல்ல? கையை நீட்டுங்க." அவளேதான் அவன் கையைச் சூடத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

வாசகத்தை நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எங்கள் அரசாங்கத்து வண்டி வரும்வரை முனி எல்லையைத் தாண்ட மாட்டேன். எந்த வண்டி வந்தாலும் ஓட மாட்டேன். ஏறு என்றால் ஏறுவேன். இது முனியாண்டிமேல் ஆணை. எளிமையான வாசகம். பினாங்குக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வேறு எப்படியும் சொல்லவும் இல்லை.

உச்சி வெயிலுக்கு லோரி வந்தது. ராக்காயி பழக்கதோஷத்தில் டின்னைத் தட்டினாள். ஒருவரும் அசையவில்லை. தட்டத் தட்ட அவளுக்கே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டாள். சிப்பாய்கள் பின்கதவைத் திறந்து போட்டார்கள். இருளப்பன் பாதி எழுந்துவிட்டான். கால் இரண்டும் புதர்ப் பக்கம் திரும்பியிருந்தன. அவன் ஓட்டம் எனக்குத் தெரியும், நாலு எட்டில் மறைந்திருப்பான்.

"தாத்தா, இது அந்த லோரிதானே?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

"சூடம் அணைச்சிருக்கே இருளப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், பிறகு முனியைப் பார்த்தான், பிறகு அழகம்மாவை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன்தான் முதலில் ஏறினான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால். ஓர் அடி கிடையாது, ஒரு கூச்சல் கிடையாது. மற்ற தோட்டங்களில் கோழி பிடிக்கிற மாதிரி பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். எங்கள் ஆட்கள் தலைவாரிக்கொண்டு மரியாதையாக ஏறினார்கள். கிராணி எனக்கு அரிசி கொடுத்தான். வேண்டாம் என்றால் மனம் வருந்துவானே என்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். லோரி எங்கே போயிற்று என்று கேட்டார்கள். லிஸ்பனுக்குத்தான் என்றேன். பிறகு அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அங்கே ரப்பர் மரம் இடுப்பளவுதான், குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், பால் தானாக வடிந்து வாளியில் விழும், இவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். இருளப்பனுக்குத் தொந்தி விழுந்துவிட்டது என்று சொன்னபோது அழகம்மா கண்ணில் நீரோடு சிரித்தாள். தினமும் சாயங்காலம் வந்துவிடுவார்கள். ஒருத்திகூட வாந்தி எடுக்கிற சத்தம் கொடுக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நல்ல கூட்டத்துக்கு நான் கதை சொன்னது கிடையாது.

இருளப்பன் சயாமில் காலராவில் போய்விட்டான் என்று கிராணிக்குத் தகவல் வந்தது. என்னிடம் சொன்னான். அன்றைக்கு நான் கதையில் இருளப்பனுக்குக் கங்காணி வேலை கொடுத்தேன்.

அதற்குள் சயாம் முகாமில் சமைக்கப் பெண்கள் வேண்டும் என்று மறுபடி லோரி வருவதாகப் பேச்சு வந்தது. கிராணி என்னைப் பார்த்தான். நான் யாரையும் கூப்பிடவில்லை ஐயா. அழகம்மாவே வந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"இம்மாம் நாளும் நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேன் தாத்தா. நம்புனேனா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றாள். "இப்ப நீங்க சூடம் அணைங்க. அந்த லோரியில ஏறுனா அவரு இருக்கிற எடத்துக்கு நான் போய்ச் சேந்துருவேன்னு முனிமேல சத்தியம் பண்ணுங்க. பண்ணுனா ஏறுறேன். இல்லாட்டி பொதருக்குள்ள ஓடிப்போறேன்."

கொஞ்சம் யோசித்தேன். கதை சொல்கிறவனைச் சத்தியம் கேட்பது நியாயமில்லை. ஆனாலும் அந்தப் பெண் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சூடத்தை ஏற்றி, அவள் கேட்ட வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லி, அடித்து அணைத்தேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

போன மாதம் ராமையா சயாமிலிருந்து காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். உங்களிடம் வருவதற்கு முன் என்னிடம் வந்து, எதிரில் நின்று, எல்லாம் சொன்னான். அவளும் அதே முகாமுக்குத்தான் போயிருக்கிறாள். மழை விடுவதற்குள் அவளுக்கும் காலரா. இருளப்பனைப் போட்ட குழியை மறுபடி தோண்டித்தான் அவளையும் போட்டார்களாம்.

ஆக, அவன் இருந்த இடத்துக்கே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றதில் எதை வேண்டுமானாலும் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சத்தியத்தில் நான் பொய் சொல்லவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் கை வெந்துபோகும் என்பார்கள். இந்த உள்ளங்கையைப் பாருங்கள் ஐயா, பச்சைப் பிள்ளையின் கை மாதிரி இருக்கிறது.