மடியில் கைவைத்து உழைத்த மிசியம்மாவுக்கு

சீமையிலே பிறந்து, எங்கள் சீக்கோடும் சிரங்கோடும் சேர்ந்து பழகி, இருபத்திரண்டு ஆண்டுகளாய்ச் சங்குவிளை மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் முகமாய் நின்ற எங்கள் டாக்டர் எடித் ஹார்லோ மிசியம்மா அவர்களே! மீன்கடவம் சுமப்பவளையும் மாடிவீட்டுக்காரியையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த ஒழுங்குடைய அம்மையே! காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சியும், கள்ளம் சொன்னவனுக்குக் கசப்பு மருந்தும் கலங்காமல் கொடுத்த கண்டிப்புடைய அம்மையே! உங்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

உங்களை வழியனுப்பும் இந்த மடலைச் சபை உபதேசியார்தான் எழுதுவதாக இருந்தது. அவர் எழுதிக் காட்டியதில் உங்களைக் கருணைக் கடல் என்று கூப்பிட்டிருந்தார். முட்டத்துக் கடல் என்னென்ன செய்யும் என்று கண்டிருக்கிற எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆகையால் வாசல் காவல் இஸ்ரவேலாகிய நான், வயதில் மூத்தவன் என்பதால், எல்லாருக்காகவும் எழுதுகிறேன். படிப்புக் குறைவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அம்மையே! சீமைக்குத் திரும்பிப் போகிறவர்களை நான் நம்புகிறவன் அல்ல. கப்பல் சீட்டு வந்த அன்றைக்கே கை தளர்ந்து, நாற்காலியை விற்று, நாயை யாருக்குக் கொடுக்கலாம் என்று விசாரித்து, மிச்ச நாளைக் கும்பிடு வாங்கியே கழித்த துரைமாரை இந்த வாசலில் நின்று கண்டிருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அவர்கள் உடம்பு இங்கே இருக்கும்போதே மனது சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள் என்று சமையல்கட்டில் நான் சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வந்தால் என்ன, சொன்னது சொன்னதுதான்.

எங்களுடைய பயம் அது மட்டுமல்ல. முன்பு நீங்கள் லீவில் சீமைக்குப் போயிருந்தபோது இந்த ஆஸ்பத்திரி ஆளில்லாமல் கிடந்தது. நர்ஸ் நேசபாய் இருந்தாள், மருந்து இருந்தது, கட்டில் இருந்தது. வலி எடுத்த பெண்டுகளோ, "மிசியம்மா வரட்டும், அவியளுக்கக் கைராசி வேற ஆருக்கு உண்டு?" என்று வீட்டிலேயே கிடந்தார்கள். பிள்ளை கப்பலுக்குக் காத்திருக்குமா? முட்டத்தில் இரண்டு வீட்டில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. இந்தமுறை நீங்கள் திரும்பி வருவதற்கில்லை. அப்படியானால் இனி எத்தனை வீடு?

நீங்கள் போகிற செய்தி பரவினதும் ஜனங்கள் செய்த கூத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். இனி வரப்போகிற வியாதிக்கெல்லாம் இப்போதே உங்கள் கையால் மருந்து வாங்கிவைக்கக் குப்பியோடு வந்து வாசலை அடைத்தார்கள். கொளச்சல் கருவாட்டு வியாபாரி சுலைமான் சாயிபு ஆடுகிற பல் ஒன்றோடு வந்து, "அம்மா, நல்ல பல்லையும் சேத்துப் பிடுங்கிருங்கோ. நாளைக்கு அதும் ஆடிச்சுன்னா நான் சீமைக்கா வருவேன்?" என்றார்.

"ஓய் சாயிபே, அப்ப ஒமக்க கருவாட்ட எத வச்சு ஓய் சவைப்பீரு?" என்று கேட்டேன்.

"அது எனக்கப் பொண்டாட்டி இடிச்சுத் தருவா. ஒமக்கென்ன நோவு?" என்றார்.

நீங்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை நேசபாய்க்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஒரு பல்லை நேசபாய் எடுப்பாள்" என்றீர்கள். அன்றைக்கு மடியில் வைத்த கையை அப்புறம் நீங்கள் வைத்தியத்துக்கு எடுக்கவே இல்லை.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. இந்த மனுஷிக்கு வேலை புளித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பொழுது விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை அந்த நாற்காலி நேசபாயை விட்டு அகலவில்லை. மத்தியானம் நாங்கள் படுக்கப் போனால், நீங்கள் வாழைப்பட்டையைக் கீறிக் கொடுத்து, காயம் தைப்பதுபோல் அவளைத் தைக்கவைத்தீர்கள். ஒரு தையல் கோணினால், "இல்லை, பிரித்துவிட்டு மறுபடியும்" என்றீர்கள். அவள் அழுதாள், அழுது முடித்தபின் மறுபடியும் என்றீர்கள். தானே செய்தால் ஒரு நொடியில் முடிகிற வேலையை, இன்னொருத்தி தடுமாறிச் செய்கிறதைக் கைநீட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது எத்தனை பாரம்! சுமடு எடுத்தவன் கூட இறக்கிவைப்பான். உங்களுக்கு இறக்கிவைக்க இடமில்லை. கால் வீங்கிற்று, கன்னம் ஒட்டிற்று, கஞ்சியும் பாதிக் கிண்ணத்தில் நின்றது. சமையல் தேவகனி வெந்நீரில் உங்கள் காலைத் தூக்கிவைத்துவிட்டு, "அம்மைக்க காலு ரெண்டும் தூண்மாதிரி இருக்கு, மக்கா" என்று எங்களிடம் வந்து கண் துடைத்தாள்.

பிறகு கொளச்சலிலிருந்து ஹமீதா பீவியை வண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. கைவிட்டுத் திருப்பி எடுக்கவேண்டும். நேசபாய் கையைக் கழுவினதும் ஹமீதாவின் மாமியார் குறுக்கே விழுந்தாள்.

"ஏட்டி, நீ தள்ளி நில்லு! நாங்க வண்டி கெட்டி வந்தது மிசியம்மாக்க கைக்கு. எனக்க மருமவ ஒனக்குப் படிக்கதுக்குள்ள பொஸ்தகமில்ல!"

நீங்கள் கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, "என்னுடைய இரண்டு கையும் ஹமீதாவுக்கு வேண்டும். அவள் பிடித்துக்கொள்ளட்டும்" என்று நீட்டினீர்கள். அவள் பிடித்த பிடி! அந்த நகத்தடம் இன்றைக்கும் உங்கள் மணிக்கட்டில் கிடக்கிறது. பாதியில் நேசபாய், "அம்மா, எனக்கு ஒண்ணும் தட்டுப்படல்ல. நீங்க வாருங்கோ" என்று கெஞ்சினதையும், நீங்கள் முகமெல்லாம் வேர்த்து, "படும். மூச்சு விடு. இடப்பக்கம் தேடு" என்றதையும், வெந்நீரோடு நின்ற தேவகனி வந்து சொன்னாள். வாசலில் நின்ற நான் ஜெபம் பண்ணவில்லை, உங்களை ஏசிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை வந்தது; ஆஸ்பத்திரி அதிர அழுதது. மாமியார்க்காரி முதலில் பார்த்தது பேரப்பிள்ளையை அல்ல, உங்கள் கையைத்தான். "மிசியம்மாக்க கையில ஒரு துளி சோரை இல்லியே! இவளுக்கக் கையெல்லாம்லா சோரை!" என்றாள். நேசபாயின் அந்த ரத்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "அல்லா ஒனக்கக் கைய வாழவைக்கட்டும், மோளே" என்றாள். அவள் வாய் சும்மா இருக்கிற வாயா? ஒரு வாரத்தில் கொளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் நேசபாயின் கைராசி தெரியாத வீடில்லை.

நீங்கள் அன்று செய்தது சரி என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை போயிருந்தால் இந்த வழியனுப்புப் பந்தலும் இல்லை, இந்த மடலும் இல்லை. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தீர்கள். மருந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம், காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இருபத்திரண்டு ஆண்டு சேர்த்த நல்ல பெயரை எடுத்து இன்னொருத்தியின் கையில் வைத்துவிட்டு நிற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் முட்டத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. நிறைமாத மகளை இறக்கின தாய் வராந்தாவில் ஏறி, நாற்காலியில் இருந்த உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள், நிற்காமல் உங்களைக் கடந்து உள்ளே போய், "நேசபாய் அம்மை உண்டுமா? எனக்க மவளுக்கு வலி எடுத்திட்டு!" என்று கூப்பிட்டாள். நீங்கள் பாதி எழுந்தீர்கள். பிறகு உட்கார்ந்தீர்கள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து பார்க்கையில், பட்டப்பகலில், வாய் லேசாய்த் திறந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து, நீங்கள் உறங்கிப்போயிருந்தீர்கள். பிறந்த பிள்ளை உள்ளே அழுதபோதும் கண் விழிக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் உதட்டில் விரல்வைத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன்.

ஆகையால் அம்மையே, உங்களுக்கு எங்கள் வாழ்த்து இதுதான். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், வீக்கம் வற்றின காலும், பசித்துச் சாப்பிடுகிற வயிறும் அருளுவாராக! கப்பலில் உறங்குங்கள். சீமையில் போயும் உறங்குங்கள். இங்கே ஒருத்திக்கு வலி எடுத்தால் உங்களைக் கூப்பிடமாட்டோம்.

இங்ஙனம்,
வாசல் காவல் இஸ்ரவேல் எழுத, உடன் கையொப்பமிடும் நேசபாய், தேவகனி மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர் அனைவரும்.
சங்குவிளை, கொல்லம் ஆண்டு 1109, பங்குனி.